காறல் தீவின் பூனைகள்

காறல் தீவில் பூனை கரையிலிருந்து மூச்சு விட்டால், கடலுக்கடியில் இருக்கும் ஆள் மூச்சு விட வேண்டியதில்லை. பறங்கிக் கப்பலில் எலி பிடிக்க வந்து, கப்பல் உடைந்ததும் நீந்திக் கரையேறிய பூனைகளின் வம்சம் அது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்து சங்கு மட்டும் மிஞ்சியிருந்த எழுபதுகளிலும் தீவின் ஒவ்வொரு குளியாளிக்கும் ஒரு பூனை இருந்தது. அவன் அதற்குத் தன் கையால் மீன்தலை ஊட்ட வேண்டும். அவன் மூழ்கியதும் அது தீவு மணலில் நான்கு காலையும் பதித்து இரண்டு பேருக்கும் சேர்த்து இரைக்கும். அதனால் குளியாளிகள் அரை நாள் வரை கீழேயே கிடந்து சங்கு பொறுக்கினார்கள். மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கும் மச்சான், கீழிருந்து சுண்டாமல் கயிற்றை இழுப்பதில்லை.

பிளாரன்சுக்குப் பூனைகளைக் கண்டாலே ஆகாது. புருஷன் கஸ்பார் சீலா மீன் தலையை மஞ்சள் பூனைக்கு ஊட்டிவிட்டு வீட்டுக்கு வாலைக் கொண்டுவந்தால் எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? "அதையே கட்டியிருக்க வேண்டியதுதான நீங்க" என்று அன்று காலையிலும் சொல்லித்தான் அனுப்பினாள்.

புதுத் துறைமுகம் வந்த வருஷம் அது. கோதுமைக் கிடங்கு வைத்திருந்த ஒரு முதலாளிக்கு எலித்தொல்லை தாங்கவில்லை. அவர் அனுப்பிய லாஞ்சு பட்டப்பகலில் தீவுக்கு வந்தது. ஆட்கள் கருவாட்டைத் தூவிப் பூனைகளைச் சாக்கில் அள்ளினார்கள். மற்ற குளியாளிகள் அன்று கடலுக்குப் போகவில்லை. கஸ்பார் ஒருவன்தான் கீழே கிடந்தான்.

"எய்யா, அந்த மஞ்சப் பூனைய மட்டும் விட்ருங்க. எங்க வீட்டுக்காரவ தண்ணிக்குள்ள கெடக்காவ!" என்று பிளாரன்ஸ் ஓடிவந்தாள்.

லாஞ்சில் வந்த மேஸ்திரி ஜெபசீலன் நாசரேத்துக்காரர், விவரம் தெரியாது. "பூனைக்கும் அவருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். லாஞ்சு கிளம்பிவிட்டது.

வள்ளத்தில் கயிற்றோடு இருந்த தம்பி சந்தியாகுவைப் பார்த்துக் கத்தினாள். எதிர்க்காற்று குரலைத் தின்றது. கையை ஆட்டினாள். அக்கா பிரியமாகக் கையாட்டுகிறாள் என்று அவனும் ஆட்டினான். பிளாரன்ஸ் பூனை இருந்த இடத்தில் இரண்டு கையையும் இரண்டு காலையும் மணலில் ஊன்றி, வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கினாள். இத்தனை வருஷத்தில் கஸ்பார் அவளுக்குத் தன் கையால் ஊட்டியது கல்யாணத்தன்று ஒரு துண்டு வாழைப்பழம்தான். அது போதுமா என்று யோசிக்கவும் மூச்சு செலவாகும் என்பதால் யோசிக்கவில்லை. நண்டு விரலைக் கடித்தது, கத்தவில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் சந்தியாகு எழுந்து கயிற்றை இழுக்கத் தொடங்கினான்.

வலை நிறையச் சங்கோடு கரையேறிய கஸ்பார், "ஏளா, இங்கன என்ன செய்யுத? பூன எங்க?" என்றான். அவள் லாஞ்சு போன பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள். இரைப்பதை நிறுத்த முடியவில்லை.

அதன்பிறகு கஸ்பார் தண்ணீரிலும் தரையிலும் மூச்சு விட்டதில்லை. குலசேகரன்பட்டினத்துச் சந்தைக்கு அவன் மூட்டை தூக்கினால், தீவில் அடுப்பூதிக்கொண்டிருந்த பிளாரன்சுக்கு மூச்சு வாங்கும். அதிசயம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் தீவுப் பெண்கள், எந்த வீட்டில்தான் அப்படி இல்லை என்று கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.