நான் சேர்த்த ‘ம்’

எங்கள் பஸ் டிப்போவில் செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்கு மீட்டிங். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது என் வேலை. பேசுவது என் வேலையில்லை.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. கெட்டவர் இல்லை. எதிராளி பாதி சொல்லும்போதே அவருக்கு முழுசும் புரிந்துவிடும், அதுதான் தொல்லை. கால அட்டவணை போடும் டைம் அக்காவும் குறுக்கே பேசுவார். ஆனால் முதலில் “மன்னிக்கணும்” என்பார். அவர் வாயில் அந்தச் சொல் ஹாரன் மாதிரி. கேட்டதும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் சீனியர் டிரைவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி மூச்சு வாங்குவார். அதனால் அவர் பெயர் இழுவை.

ஒரு மீட்டிங்கில் பேச்சு புது நீள பஸ்ஸைப் பற்றி வந்தது. பள்ளிக்கூட ரூட்டில் அதை விடலாமா என்று கேள்வி. வெள்ளோட்டம் ஓட்டிப் பார்த்தவர் இழுவைதான். ஆகவே அவரைக் கேட்டார்கள்.

“தண்ணித்தொட்டி வளைவுல பெரிய பஸ் திரும்பு...” என்று சொல்லி மூச்சு வாங்கினார்.

“பிரமாதம்! அடுத்தது?” என்றார் கத்தரி.

நான் ‘திரும்பும் என்றார்’ என்று எழுதினேன். அவர் சொன்னது ‘திரும்பு’ வரைதான். அந்த ‘ம்’ என்னுடையது.

மறுநாள் டிரைவர் மீட்டிங் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“ஏம்மா, இதை நான் சொல்லவே இல்லையே?”

“நீங்க நிறுத்திட்டீங்களேண்ணே.”

“நான் எங்க நிறுத்தினேன்? மூச்சு விட்டேன். அது தப்பா?” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அடுத்த மீட்டிங்ல இதுல கையெழுத்து போடச் சொல்வாங்க. மறுநாளே அந்த பஸ் ஓடும். ஏதாவது ஆச்சுன்னா, ‘நீதானே திரும்பும்னு சொன்னே’ன்னு என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. கழுத்து போனா போகட்டும். அங்க நிக்கிறது பள்ளிக்கூடப் பிள்ளைங்கம்மா.”

“எழுதிக் குடுங்களேன்.”

“குடுத்தாச்சு. மீட்டிங்ல பேசிக்கலாம்னு படிக்காமலே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த வளைவுல பஸ்ஸு...”

“திரும்பாது, அதானே?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நான் என்ன ‘பா’ன்னா சொன்னேன்? ‘பு’ன்னுல்ல சொன்னேன். பரவாயில்லையே, நீயும் நல்லா வெட்டுறே.” அதற்குள் டிரிப்புக்கு மணி அடித்தது. எழுந்து போய்விட்டார்.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அந்த ‘பு’ என்னை விடவில்லை. திரும்பாது என்றால் ‘பா’ வந்திருக்க வேண்டும். திரும்பும் என்றால் அவருக்கு என்ன வருத்தம்? ‘பு’வில் தொடங்கி வேறு எங்கே போக முடியும்? பல் தேய்க்கும்போதுகூட அந்த வாக்கியத்தை விதவிதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவரிடமே கேட்கலாமென்றால், மறுநாளிலிருந்து அவருக்கு விடியற்காலை டூட்டி. நான் வருவதற்குள் போய்விடுவார்.

குறிப்பைத் திறந்து ‘ம்’மை எடுத்தேன். அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் போன மீட்டிங் குறிப்பை நான் வாசித்தேன். அந்த வரி வந்தது.

“தண்ணித்தொட்டி வளைவில் பெரிய பஸ் திரும்பு...” அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

“மேல படிம்மா,” என்றார் கத்தரி.

“அவ்வளவுதான் சார். அதுக்கு மேல நீங்க ‘பிரமாதம்’னு சொன்னீங்க.”

டைம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கத்தரி என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பி, பின்பக்கமும் பார்த்தார்.

“திரும்புமா, திரும்பாதா? யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“திரும்பு...”

மூச்சு வாங்கினார். கத்தரியின் உதடு பிரிந்தது. என்ன நினைத்தாரோ, பேனா மூடியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.

“...திரும்புறப்போ, மூஞ்சி அழகா போயிடும் சார். வாலுதான் எதிர்ப்பக்கம் வீசும். தெரு குறுகல் இல்லியா, ஒடிச்சுத் திருப்பணும்னா எதிர் நடைபாதையை ஒட்டித்தான் போயாகணும். பள்ளிக்கூட கேட்டு அந்தப் பக்கம்தான். பிள்ளைங்க பஸ்ஸோட மூஞ்சியைப் பாத்து, ‘போயிடுச்சு’ன்னு நெனச்சு முன்னால வருவாங்க. அப்பத்தான் வாலு வரும்.”

திரும்புறப்போ! என் யோசனை அந்தப் பக்கமே போகவில்லை.

“எவ்வளவு வீசும்?” கத்தரி கேட்டார். இந்தக் குறுக்கீட்டுக்கு டிரைவர் கோபப்படவில்லை.

“கீழ வாங்க, காட்டுறேன்.”

மீட்டிங் அப்படியே படியிறங்கியது. டிப்போ தரையில், தெருவின் அளவுக்குச் சாக்குக்கட்டியால் நடைபாதை விளிம்பைக் கோடாகப் போட்டார்கள். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கத்தரியே போய் நின்றார். பஸ்ஸின் முகம் அவரைத் தாண்டி வளைந்து போனது. “போயிடுச்சே!” என்று ஒரு அடி முன்னால் வைத்தார். உடனே பின்பக்கம் மெதுவாகக் கோட்டைத் தாண்டி அவர் மார்பை நோக்கி வந்தது. டிரைவர் பிரேக் போடுவதற்குள் அவர் தாவிப் பின்வாங்கி, டைம் அக்காவின் காலை மிதித்துவிட்டார்.

“ரெண்டடி,” என்றார் அக்கா, காலைத் தேய்த்தபடி. “அந்த ரூட்டுக்குப் பழைய பஸ்ஸையே போட்டுடறேன் சார்.”

கத்தரி தலையாட்டினார். சாக்குக்கட்டிக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கேட்டார்: “வேற எந்தெந்த வளைவுல இப்படி?”

டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, சட்டையைச் சரிசெய்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். கத்தரி பஸ் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.