வீட்டு ஆள்

வெள்ளைத் தாள் என் முழங்காலின் மேல் கிடக்கிறது, அடியில் வைத்த அட்டை வழுவழுப்பாக இருப்பதால் நழுவிக்கொண்டே இருக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மறு கையால் பேனாவை நீட்டுகிறார், நீங்க படிச்சவரு மாதிரி தெரியுது தம்பி, எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் வரும், புகாரு வேணாம்னு நாலு வரி எழுதிக் குடுத்தீகன்னா புள்ளைய இன்னைக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் என்கிறார், நத்தம் பக்கத்துக்காரர், இங்கே வேலை செய்யும் நித்யகலாவின் அப்பா, அவருக்கு நான் யாரென்று தெரியாது, இந்தப் பனியன் கம்பெனியின் வரவேற்பறையில், இதே கண்ணாடிக் கதவுக்கு எதிரே, இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது.

வீட்டு ஆளைக் கூட்டி வா என்பது இங்கே ஒரு வழக்கம், தையல் லைனில் இருக்கும் பெண் ஒருத்தி புகார் கொடுத்தால் அவளிடம் யாரும் பேச மாட்டார்கள், வீட்டு ஆளைக் கூப்பிடுவார்கள், கல்யாணமாகாதவளுக்கு அப்பா, ஆனவளுக்குப் புருஷன், கோகிலவாணிக்கு நான் வந்தேன், உங்க சம்சாரம் நல்ல வேலைக்காரிங்க, அதனாலதான் உங்களைக் கூப்பிட்டுப் பேசறோம் என்று எச்.ஆர். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார், எனக்கு அது பிடித்திருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது, அன்று பிடித்திருந்தது, பொம்பளைங்க புகாருக்குன்னு கமிட்டி கிமிட்டியெல்லாம் நம்மகிட்டத் துணி வாங்கற வெளிநாட்டுக்காரன் கேட்டான்னு வெச்சதுங்க, இப்ப அவன் ஊர்லயே இதெல்லாம் போதும்னு பேச ஆரம்பிச்சுட்டானுங்க, நாம மட்டும் எதுக்குங்க இழுத்துட்டு என்றார், நான் தலையாட்டினேன்.

அந்த வருடம் ஊர் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது, கமிட்டி ஒரு மெக்கானிக்கை எச்சரித்து அனுப்பிய மறுநாள் டீக்கடையில், இனிமே நாமதான்டா துப்பட்டா போட்டுட்டு வேலைக்கு வரோணும் என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், லைன் இன்சார்ஜாக இருந்த ஐந்து பெண்களில் நான்கு பேரை மறுபடி மிஷினுக்கு அனுப்பினார்கள், பொம்பளைங்களை வெச்சா வம்பு என்று காரணம் சொன்னார்கள், மிஞ்சியவள் கோகிலவாணி, அவள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல், ஏனுங்க, அந்த மயில்சாமி இன்னிக்கு மிஷின் சந்துல வெச்சு இடுப்பப் புடிச்சுட்டானுங்க, ஃப்ளோர் மேனேஜர்னா என்ன வேணாலும் பண்ணலாமா என்றாள், அழவில்லை, அன்றைக்கே நோட்டில் தேதி, நேரம், எந்த லைன், பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் எழுதினாள், நான் எட்டிப் பார்த்து, உடனே எதுக்கு, யோசிச்சுச் செய்யலாம் என்றேன், நீங்க யோசிங்க, நான் குடுத்துட்டு வந்தர்றேன் என்றாள், கொடுத்தும்விட்டாள், அதற்கு நான்காம் நாள்தான் எனக்கு அந்த டீயும் பிஸ்கட்டும்.

கடிதத்தை நானே எழுதினேன், தமிழ் இலக்கியம் படித்தவன், என் கையெழுத்து அழகாக இருக்கும், தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், தவறான புரிதலின் காரணமாக நான் அளித்த புகாரை முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன், ஒரு அடித்தல்கூட இல்லை, அடுக்களையில் நின்றபடியே அவள் வாசித்தாள், யாருங்க தவறாப் புரிஞ்சுட்டது என்று கேட்டாள், அது சும்மா, கடிதத்துல அப்படித்தான் எழுதறது என்றேன், முழு மனசுன்னு போட்டிருக்கீங்க, என்ற மனசையா உங்க மனசையா என்றாள், நான் பேனா மூடியைத் திறந்து நீட்டினேன், உன் வேலை போனா வீடு என்ன ஆகும், தெருவுல என்ன பேசுவாங்க, சொல்லிக்கொண்டே போனேன், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள், அதற்குப் பிறகு கம்பெனிக் கதை எதையும் என்னிடம் சொல்வதில்லை, இன்னிக்கு எப்படிப் போச்சு என்றால் போச்சுங்க என்பாள், அவ்வளவுதான், பத்து மாதம், ஐப்பசியில் டெங்கு, ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அங்கேயும் கேட்டேன், ஏதாச்சும் சொல்லணுமா என்று, தண்ணி குடுங்க என்றாள், குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு திறக்கவில்லை, எனக்கு இன்னமும் அழுகை வரவில்லை.

போன வாரம் கமிட்டியின் வக்கீலம்மா போன் செய்தார், துணி செக்கிங்ல இருக்கற நித்யகலான்னு ஒரு பொண்ணு, பத்தொன்பது வயசு, அதே மயில்சாமி மேல புகார் குடுத்திருக்கா, முன்னாடியும் என் மேல ஒருத்தி பொய்ப் புகார் குடுத்துட்டுத் தானே வாபஸ் வாங்கினான்னு அவர் உங்க மனைவியோட கடிதத்தக் காட்டறார், அது அவங்களா எழுதினதான்னு நீங்க வந்து சொன்னாப் போதும், இல்லைன்னா இந்தப் பொண்ணு புகாரும் நிக்காது என்றார், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன், வந்து உட்கார்ந்தால் இவர் பேனாவை நீட்டுகிறார்.

புள்ளைகிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா என்கிறேன், அத எப்படிய்யா அப்பன் கேக்குறது, அதுங் கழுத்துல ஒரு தாலி ஏறணும்ல என்கிறார், கெட்ட மனிதர் இல்லை, நானும் கெட்டவன் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஒல்லியான பெண் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் கையில் இருக்கும் தாளைத்தான் பார்க்கிறாள், கோகிலவாணி அடுக்களையில் நின்று என்னைப் பார்த்தாளா, நான் அன்று நிமிரவில்லை, எனக்குத் தெரியாது.

பேனாவை வாங்கிக்கொள்கிறேன், பெரியவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுத் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறார், எழுதுகிறேன், கோகிலவாணியின் பெயரில் உள்ள கடிதத்தை எழுதியவன் நான், அவள் புகாரில் இருந்தது அத்தனையும் உண்மை, அது தெரிந்தேதான் எழுதினேன், வரிகள் கோணிக்கொண்டு போகின்றன, இரண்டு இடத்தில் அடித்து எழுதுகிறேன், அவள் இதைப் படிக்கப் போவதில்லை, கீழே கையெழுத்துப் போடுகிறேன், வக்கீலம்மாவின் உதவியாள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுகிறாள், நான் எழுந்து நிற்கப் பெரியவர் குனிந்து எழுத்துக் கூட்டித் தேடிக்கொண்டிருக்கிறார், இதுல எம்புள்ள பேரு எங்கிட்டுய்யா இருக்கு என்கிறார், அது இல்லீங்க, இதுல எம் பேருதான் இருக்குது என்கிறேன்.