ஜீப்புக்குச் சொல்லும் பதில்

பருத்திக்குளத்துக்கு ஜீப் வந்தால் ஊர் ஏழையாகிவிடும். ஏற்கெனவே ஏழைதான். ஜீப்பைக் கண்டால் இன்னும் ஒரு படி இறங்கிக்கொள்ளும்.

மழை பொய்த்த வருஷமெல்லாம் பயிர்ச் சேதம் பார்க்க அதிகாரிகள் வருவார்கள். கொஞ்சம் தெம்பாகத் தெரிந்த ஊருக்கு நிவாரணம் கிடையாது. இதைப் பார்த்துப் பார்த்து ஊர் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தது. விளாத்திகுளம் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் புழுதி கிளம்பினால் போதும், ஆண்கள் சட்டையைக் கழற்றுவார்கள். பெண்கள் கிழிசல் சேலைக்கு மாறுவார்கள். ஆடுகள் ஓடைக்குள் போகும். என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இல்லை.

பெத்தம்மாளும் அந்தப் பதிலைச் சொல்லி வளர்ந்தவள்தான். பருத்தி எடுத்து, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, காய்த்துப்போன கை அவளுக்கு. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து ஊராட்சித் தலைவராகி இது மூன்றாவது வருஷம். சண்டை போட்டுச் சண்டை போட்டுத்தான் தண்ணீர்த் தொட்டியும், தெருக்குழாயும், தெருவிளக்கும் வந்தன.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒரு நர்ஸ். ஊராட்சிகளின் வருஷ வேலையைப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஒரு குழு வருகிறது. வட்டாரத்தில் முதலாவதாக வரும் ஊராட்சிக்கு, ஊரோடு தங்கும் நர்ஸ் ஒருத்தி. ஒருத்திதான் இருக்கிறாள், கேட்கிற ஊரோ ஏகப்பட்டது. பெத்தம்மாள் பழைய சாவடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டுவிட்டாள். அவள் மகள் பாண்டிச்செல்விக்குக் கார்த்திகையில் பிரசவம். போன கார்த்திகையில் பெத்தம்மாளின் ஓரகத்தியை டிராக்டரில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டு போனார்கள். மழையில் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டிரெய்லரிலேயே, தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது டிராக்டர்காரன் வேண்டிக்கொண்டதால்தான் என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்படி ஒரு வேண்டுதலை நம்பி மகளை வைத்திருக்கப் பெத்தம்மாள் தயாராக இல்லை.

குழு வருவதற்கு முதல் நாள் வீடு வீடாகப் போனாள். முதல் வீடு நாத்தனார் முப்பிடாதியுடையது.

"மதினி, நாளைக்கு வாரவிய நிவாரணம் குடுக்க வரல. நம்ம ஊர்ல என்னல்லாம் நல்லா நடக்குன்னு பாக்க வாராவ. இருக்கத இருக்குன்னு சொல்லணும்."

"இருக்குன்னு சொன்னா எப்படிட்டி குடுப்பாவ?"

"இந்தத் தடவ அப்படித்தான்."

"கவர்மெண்டுக்கு மேலுக்குச் சொகமில்லையோ?" என்றாள் முப்பிடாதி. "சரி, நீ சொல்லுத. இருக்குன்னே சொல்லுதேன்."

அடுத்த வீட்டு லிங்கராஜ் இன்னும் தாராளமாக இருந்தான். "சித்தி, என் டிவிஎஸ் ஃபிப்டியத் தொடச்சு நடுத்தெருவுல நிப்பாட்டுதேன். போதுமா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கே புழுதி கிளம்பிவிட்டது. பெத்தம்மாள் ஊராட்சி ஆபீஸ் வாசலிலிருந்து தெருவைப் பார்த்தாள். லிங்கராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், காய்ந்த பருத்திமார்ச் செடிகளைக் குவித்திருந்த படப்புக்குள் சொருகிக்கொண்டிருந்தான். கழற்றிய சட்டை ஏற்கெனவே தோளுக்கு வந்துவிட்டது. அவனைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. புழுதியைக் கண்டதும் கை தானாகப் போகிறது.

ஜீப்பிலிருந்து இறங்கிய குழுவில் மூத்த அதிகாரியம்மா நேரே குழாயடிக்குப் போனார். அங்கே முப்பிடாதி, முதுகுப் பக்கம் கிழிந்த சேலையில் நின்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி வருதாம்மா?"

"எங்க தாயி வருது" என்றாள் முப்பிடாதி, நிறைந்த குடத்தை எடுத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தபடி.

அதிகாரியம்மா தன் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடிய தண்ணீரைப் பார்த்தார். "இது?"

"இது இன்னைக்குத்தான் தாயி. நீங்க வாரீயன்னு தொறந்து விட்டிருக்காவ."

பின்னாலேயே பெத்தம்மாளும் குழாயடிக்கு வந்துவிட்டாள். அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். லிங்கராஜ் பக்கம் திரும்பி, "தெருவிளக்கு எரியுதா?" என்றார்.

"கம்பம் நிக்குது தாயி" என்றான் லிங்கராஜ், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"தலைவரம்மா, தினமும் தண்ணி, எல்லாத் தெருவுக்கும் வெளிச்சம்னு எழுதி அனுப்பியிருக்கீங்க. ஊர் வேற சொல்லுதே."

பெத்தம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. கையைப் பிசைந்து கெஞ்சுகிற ஆளில்லை அவள். குழாய்க்காரன் ஜெயபாண்டியைக் கூப்பிட்டாள்.

"ஏலே ஜெயபாண்டி, வால்வ மூடு. வராத தண்ணிக்கு வால்வு எதுக்கு? மோட்டார் ரூமப் பூட்டி சாவிய அம்மா கையில குடு, கொண்டு போவட்டும். லைட்டுக்கும் பீஸ் கட்டையப் புடுங்கு."

ஜெயபாண்டி சொன்னதைச் செய்கிறவன். போய் மூடிவிட்டு, சாவியைக் கொண்டுவந்து அதிகாரியம்மா கையில் கொடுத்தான். குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது.

முப்பிடாதி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி பெத்தம்மா, பாதிக் குடந்தான ஆச்சு?"

"வராத தண்ணியில பாதி என்ன, முழுசு என்ன மதினி?"

"ஆறு மணிக்குத் தொறந்தா எட்டு மணி வரைக்கும் விடுவான்லா? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு அவனுக்கு?"

எழுதப்போன பேனா நின்றது. "தினமும் ஆறு மணிக்கா?"

"பின்னே? ஒரு நா பிந்தினாலும் அவன் வாசல்ல போயி நின்னு பேசிப்புடுவோம்லா" என்ற முப்பிடாதி, கூடவே சேர்த்துக்கொண்டாள்: "வடக்குத் தெருவுக்கு மட்டும் நூலாட்டம் வருது. அதையும் எழுதுங்க தாயி."

லிங்கராஜுக்கும் பொறுக்கவில்லை. "சித்தி, லைட்டுல மட்டும் கை வச்சிராதீய. ராத்திரி அதுக்குக் கீழதான் வண்டிய நிப்பாட்டுதேன்."

"எந்த வண்டி?" என்றார் அதிகாரியம்மா.

லிங்கராஜ் படப்பைப் பார்த்தான். ஊரே படப்பைப் பார்த்தது. பருத்திமாருக்கு வெளியே ஒரு கைப்பிடியும் கண்ணாடியும் நீட்டிக்கொண்டு வெயிலில் மின்னின.

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். "எனக்கும் ஓட்டப்பிடாரம் பக்கந்தான். எங்க அய்யா ஜீப்பக் கண்டா உழவு மாட்டையே ஒளிச்சு வச்சிருவாவ." பிறகு சாவியைப் பெத்தம்மாளிடமே நீட்டினார். "கடைசியா ஒண்ணு. ஊர்ல நர்ஸ் உண்டா?"

"இல்லை" என்றது ஊர், ஒரே குரலில்.

"இதாவது நெசமா?"

"இவ ஓரகத்தி டிரெய்லர்ல பெத்தா தாயி" என்றாள் முப்பிடாதி. "நம்பலன்னா பிள்ளையத் தூக்கியாந்து காட்டுதோம்."

பெத்தம்மாள் வேப்பமர நிழலில் இடுப்பில் கை ஊன்றி நின்ற பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். அதிகாரியம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

ஐப்பசி பிறந்ததும் நர்ஸ் சுதாராணி ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். கார்த்திகையில் பாதை சேறாகி, டிராக்டர் பழைய இடத்திலேயே புதைந்து நின்ற ஒரு மத்தியானத்தில், பாண்டிச்செல்வி சாவடிக் கட்டிலில் பெண் குழந்தை பெற்றாள். டிராக்டர்காரன் வேண்டிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை.

மறு வாரம் சுதாராணி வீடு வீடாக உடம்பு விசாரிக்கப் போனாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பெத்தம்மாளும் கூடப் போனாள்.

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று முப்பிடாதியிடம் கேட்டாள் சுதாராணி.

"எங்க தாயி, வெறுங்கஞ்சிதான்." வீட்டுக்குள்ளிருந்து மீன் வாடை ஆளைத் தூக்கியது.

"மதினி, அது நர்ஸம்மா" என்றாள் பெத்தம்மாள். "ஜீப்பு இல்ல."

முப்பிடாதி பாதையை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப மீன் கொழம்புன்னு எழுதிக்கோ தாயி. இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."