எடைக்கல் வைத்துப் பார்த்த பியானோ

"பத்து விரல்தானே உனக்கு? அப்புறம் எதுக்கு நூத்தி இருபத்தெட்டு?"

"விரல் கணக்கு இல்ல மாமா. ஒரே நேரத்துல அத்தனை சுரம் தாங்குமாம்."

"அதான் கேக்கறேன். கால் விரலையும் சேத்தாக்கூட இருபதுதானே வருது?"

"பெடல மிதிச்சா, விரல எடுத்தப்புறமும் பழைய சுரம் ஓடிட்டே இருக்கும். அது மேல புதுசு, அதுக்கு மேல இன்னும் புதுசு. எல்லாத்தையும் தாங்கணும்ல?"

மாமா தலையாட்டினார். "சரிதான். நம்ம வீட்டுல உங்க அண்ணி பேசற மாதிரி."

அது நேற்றுச் சாயங்காலம், பியானோ கடையில். இன்று மாமா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். அவருடைய மருமகள் சமையலறையில் நின்று, வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா சொன்னது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"அழணும்னா அழுதுடு. அடக்காத," என்றாள் பின்னால் வந்து நின்ற அண்ணி, அவள் கணவனின் அக்கா. "அம்மா போனப்பவும் இப்படித்தான் ஒருத்தி அடக்கி அடக்கி, மூணாம் நாள் காய்ச்சல்ல விழுந்தா. அப்ப ஒரு டாக்டர் வந்தார் பாரு, அவர் பையனுக்குக்கூட நம்ம சித்தப்பா வீட்டுலதான் பொண்ணு பாத்தாங்க…"

பழைய சுரங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. இந்த முறை அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

காலையில் காபியோடு போனபோது அவள்தான் முதலில் பார்த்தாள். தூக்கத்திலேயே போயிருந்தார். டாக்டர் வந்து, கஷ்டமே பட்டிருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குத் துக்கத்தின் அடியில் இன்னொரு பதைப்பும் இருந்தது. இந்த நேரத்தில் அதை நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இன்று காலைக் காபியின்போதுதான் மாமா அவளுக்காகப் பேசுவதாக இருந்தார்.

அந்த வீட்டில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் மாமா மூலமாகத்தான் போகும். எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் ஏதோ கேட்டதற்குக் கணவன், "அப்பாகிட்ட சொல்லேன்," என்றான். தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அவனும் தன் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும் என்பதை அப்பாவிடம்தான் சொல்லி அனுப்புகிறான் என்று. மாமா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் காபியின்போது ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். "இவளுக்குச் சமையலறையில ஒரு விளக்கு வேணுமாம். அவனுக்குக் காபியில சர்க்கரை கம்மியா வேணுமாம். நான் ரெண்டையும் நிறுத்துப் பாத்துட்டேன், நியாயமாத்தான் இருக்கு." தராசு பழுது பார்த்து, சரிபார்த்து முத்திரை வாங்கிக்கொடுப்பதே அவர் தொழிலாக இருந்தது. தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்றுதான் பெயர்.

கணவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது அவனிடம் கேள்வி என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. கெட்டவன் இல்லை. கடிந்து பேசியதும் இல்லை. அவனிடம் நேராக ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழக்கமில்லாததாலேயே அது வருஷா வருஷம் கடினமாகிக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். இப்போது பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. பல்வலியோடு வந்த ஓட்டல் மேலாளர் ஒருவர், மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பார்த்து விசாரித்தார். ஒருநாள் வரவழைத்து, யாரிடமோ இரவல் வாங்கிய கீபோர்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெள்ளி, சனி சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் வாசிக்க முடியுமா என்றார். ஸ்பீக்கர் ஓட்டலிலேயே இருந்தது, பியானோவை மட்டும் அவளே கொண்டுவர வேண்டும். பதில் சொல்ல இந்த வெள்ளிவரை தவணை கொடுத்திருந்தார்.

வழக்கப்படி மாமாவிடம் சொன்னாள்.

"எந்தப் பியானோன்னு தெரியாம நான் எப்படிச் சிபாரிசு பண்றது? என் பையன் பத்து கேள்வி கேப்பான்."

"அவர் எங்க கேள்வி கேக்கறார், மாமா?"

"கேக்காம ஒரு மூஞ்சி வெச்சிருப்பானே. அதுக்கெல்லாம் பதில் வேணும்ல?"

அப்படித்தான் சனிக்கிழமைகளில் மருத்துவமனை வாசலில் மாமா வந்து நிற்க ஆரம்பித்தார். இருவரும் நடந்தே கடைக்குப் போவார்கள்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவள் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வாசல்படிவரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

பியானோ கடைக்காரர் வந்திருந்தார். மாமாவின் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு பித்தளை எடைக்கல்.

"நேத்துக் கடையில விட்டுட்டுப் போயிட்டார். அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். இங்க ஒரு அம்மா எடுத்து விஷயத்த சொன்னாங்க."

"நீங்க…?" என்றான் கணவன்.

"பியானோ கடை வெச்சிருக்கேன். சார் சனிக்கிழமையானா வருவார்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பியானோ கடைக்கா? எங்கப்பாவா?"

கடைக்காரரின் கண் சமையலறை வாசலில் நின்றவளைத் தொட்டது. வீட்டில் இன்னும் உத்தரவாகவில்லை, யாரிடமும் உளறிவிடாதே என்று மாமா அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா, சாரேதான்," என்றார் கடைக்காரர்.

"அவனுக்கு ஒரு காது மந்தமாச்சே!" என்றார் மாமாவோடு சேர்ந்து தொழில் செய்த கூட்டாளி.

"எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி. தெரியாத எதுவும் அவளுக்கு இருந்ததில்லை. "சின்ன வயசுல ஆசைப்பட்டிருப்பார். யார் வாங்கிக் குடுத்தா? மனசுக்குள்ளயே வெச்சுட்டார் பாரு."

"இந்த வயசுல பியானோன்னா, சொல்லிக்குடுக்க யாராவது டீச்சரம்மா…" என்று யாரோ மெதுவாக ஆரம்பிக்க, அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் குரல் அடங்கிவிட்டது.

கணவன் எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இத எதுக்கு அங்க கொண்டு வந்தார்?"

"கட்டையெல்லாம் எடை பாக்கறதுக்கு."

"என்னது?"

"விரல் வெக்கிற ஒவ்வொரு கட்டை மேலயும் இந்தக் கல்ல வெப்பார். இறங்குதா இல்லையான்னு பாப்பார். மொதல்ல ஒரு மலிவான கீபோர்டு. கல்ல வெச்சதும் பொத்துனு எல்லாம் ஒரே மாதிரி இறங்கிடுச்சு. 'இதான் நியாயமான சரக்கு'ன்னார். அது பொம்மை மாதிரி சார்னேன். அடுத்தது ஸ்பீக்கரோட, காலோட, மேஜை மாதிரி இருக்கும். ரெண்டு பேர் இல்லாம அசைக்க முடியாது. வேணாம்னுட்டார், மூணு மாடி ஏறணுமாம்ல உங்க வீட்டுக்கு? கடைசியா ஒண்ணு. மேடையில வாசிக்கறது. எண்பத்தெட்டு கட்டை, பன்னெண்டு கிலோதான், ஒல்லியா பலகை மாதிரி. காட்சிக்கு வெச்சிருந்தது, அதனால விலை கம்மி. அதுல கல்ல வெச்சார். வலது பக்கம் இறங்குச்சு. இடது ஓரத்துல இறங்கல. இன்னொரு கல்லயும் சேத்து வெச்சாத்தான் இறங்குச்சு. வந்துச்சே கோபம்! 'இது கோணல் தராசு. இதுக்கு நான் முத்திரை குத்த மாட்டேன்'னு ஒரே சத்தம்."

கணவனின் உதட்டோரம் அசைந்தது. "அப்புறம்?"

"நெஜப் பியானோவிலயே அப்படித்தான் சார், கீழ்ச் சுரத்துக்குக் கட்டை கனமா இருக்கும், மேல போகப்போக லேசாகும்னேன். நம்பல. 'கனமா இருக்கறத லேசுங்கறதுக்குத்தான்பா ஊர்ல இத்தனை கடைக்காரன் இருக்கான்'ன்னார்."

கணவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, கல் இருந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். காலையிலிருந்து அவன் அழுது அவள் பார்க்கவில்லை. அண்ணி எழுந்து போய்த் தம்பியின் முதுகைத் தடவினாள்.

சற்றுப் பொறுத்து அவனே, "அப்புறம் என்ன ஆச்சு? அத வேணாம்னுட்டாரா?" என்று கேட்டான். ஒரே நாளில் அவன் இத்தனை கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை.

"அப்புறம் ஒரு நாள்… அதுல ஒருத்தங்க வாசிச்சாங்க. அதுக்கு ஸ்பீக்கர் கிடையாது, காதுல மாட்டித்தான் கேக்கணும். சார் மாட்டிட்டு உக்காந்தார். கண்ண மூடிட்டார். அவர் கேக்கறது எங்களுக்கெல்லாம் கேக்காது, கட்டை சத்தம் மட்டும்தான் டொக்கு டொக்குனு வரும். ரொம்ப நேரம் எடுக்கவேயில்ல. எடுத்ததும், 'கோணல் இல்ல. அந்தப் பக்கம் கனம் இருக்கத்தான் வேணும்'னார்."

"யார் வாசிச்சது?"

கடைக்காரர் பொட்டலக் காகிதத்தை மடித்தார். "கடைக்கு வர்றவங்கதான்."

அவள் தட்டோடு திரும்பச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் மாமாவைக் கொண்டுபோனார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். போனவர்கள் திரும்பி வந்து, குளித்து, பெயருக்கு ஏதோ சாப்பிட்டார்கள். அண்ணி கூடத்திலேயே பாயில் சாய்ந்தவள், யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். இன்னும் முழுக்க இருட்டவில்லை.

மாமாவின் அறையில் கட்டில் விரிப்பை எடுத்துவிடலாம் என்று போனவளின் பின்னாலேயே கணவனும் வந்தான். கேட்காமலே விரிப்பின் மறுபக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அதை உதறினார்கள்.

"அந்தப் பியானோவ வாங்கிடலாம்னு பாக்கறேன்," என்றான்.

அவள் உதறுவதை நிறுத்தினாள்.

"அப்பா ஆசைப்பட்ட பொருள். கூடத்துல ஜன்னலோரமா போடலாம். மேல அவர் படத்த வெச்சுடலாம். கடைக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன்."

"ம்," என்றாள்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவன் வேலைக்குப் போனதும் படத்தை நகர்த்தி வைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். அவன் வருவதற்குள் படத்தைப் பழையபடி வைத்துவிடலாம். யாருக்கும் கேட்கப்போவதில்லை. ஆனால் வெள்ளி, சனி சாயங்காலங்களில் என்ன செய்வது? மாமாவின் படத்தை இறக்கி வைத்துவிட்டுப் பியானோவைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்புகிறேன் என்று சொல்வது?

"யாரும் தொட வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றான் அவன்.

நீளவாக்கில் மடித்தார்கள். அடுத்த மடிப்புக்கு இருவரும் ஓரடி முன்னால் வர வேண்டும். அவன் வரவில்லை. விரிப்பைப் பிடித்தபடி கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. எல்லார் விஷயத்தையும் எங்கிட்ட வந்து சொல்லுவார். தன்னோடத மட்டும் ஏன் சொல்லல? நானா வேணாம்னு சொல்லப்போறேன்?" தலையணைப் பக்கம் திரும்பினான். "அவ்வளவு பயமாவா இருக்கு, எங்கிட்ட ஒண்ணு கேக்க?"

அவன் அதை அப்பாவின் தலையணையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டான். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று அவள் இன்னொரு முறை பேசாமல் இருந்திருக்கலாம். அறைக்கு வெளியே அண்ணியின் குறட்டை ஏறி இறங்கியது. நடுவில் நின்று வாங்கிக்கொடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

"மாமாவுக்குப் பியானோ ஆசையெல்லாம் இல்லைங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"எனக்காகத்தான் வந்தார். அன்னிக்கு வாசிச்சது நான்தான். இன்னிக்குக் காலையில உங்ககிட்ட சொல்றதா இருந்தார்."

அவன் முகத்தில் அந்தக் கேட்காத கேள்விகள் எல்லாம் வந்து நின்றன. அவற்றைப் பார்த்தால் நிறுத்திவிடுவோம் என்று தோன்றியது. அவள் விரிப்பின் முனையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தப் பியானோ எனக்கு வேணும். படம் வெக்கறதுக்கு இல்ல, வாசிக்கறதுக்கு. வெள்ளி, சனி சாயங்காலம் அதத் தூக்கிட்டு ஓட்டலுக்குப் போயி, சாப்பிட வர்றவங்க முன்னால வாசிக்கணும். கூப்பிட்டிருக்காங்க. எனக்குப் போகணும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அது பன்னெண்டு கிலோ. ரோட்டுல நானே தூக்கிப்பேன். மூணு மாடி இறக்கறதுக்கு மட்டும் நீங்க ஒரு கை பிடிக்கணும்."

விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்து தொங்கியது. அதன் மறுமுனை இன்னும் அவன் கையில் இருந்தது.