மேட்டில் கேட்ட விசில்

போர்க்காலம் அது. விமானம் எங்கள் கூரையை உரசிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. மறு நிமிடம் மேட்டுப் பக்கம் இடி விழுந்தது போல ஒரு சத்தம். அந்த மேட்டில்தான் என் புருஷன் சேத் காலையிலிருந்து ஆடுகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தான்.

யார்க்ஷயர் மேட்டில் நவம்பர் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஈனாக்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சேத் விட்டுப் போயிருந்த ஆட்டுநாய் ஜெஸ் முன்னால் ஓடியது. ஏற ஏற பெட்ரோல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது.

"ஜெர்மன்காரன் விமானமா இருந்தா என்ன பண்றது, ஹெட்டி?"

"எவன் விமானமா இருந்தா என்ன? என் புருஷன் அதுக்கு அடியில கிடக்கானான்னு பாக்கணும். வாயை மூடிட்டு நடங்க."

அப்போதுதான் விசில் கேட்டது. நீளமாக, ஒற்றையாக. ஜெஸ் சட்டென்று வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டது.

நீண்ட விசில் என்றால் எங்கள் நாய்களுக்கு 'படு' என்று அர்த்தம். ஆடுகள் மிரளப் பார்க்கின்றன, மேய்ப்பவன் அடக்கிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் ஆட்களும் அசையக் கூடாது, கூப்பிடக் கூடாது. மீறினால் மொத்த மந்தையும் சதுப்பில் பாய்ந்து மூழ்கும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இங்கே இது தெரியும்.

"சேத்துதான்!" ஈனாக் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அசையாத."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நின்றோம். விசில் மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது.

"வானமே இடிஞ்சு விழுது, உன் புருஷன் ஆட்டைக் கட்டிட்டு அழறான்," என்று ஈனாக் காதில் முணுமுணுத்தார். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு ஆட்டையே கட்டியிருக்கலாம்."

"வீட்டுக்கு வரட்டும், அந்த விசிலை அவனை முழுங்க வைக்கிறேன்." சொல்லிவிட்டு என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். பயம் விட்ட சிரிப்பு, அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. எங்களுக்குப் பின்னால், கீழேயிருந்து, காலடிச் சத்தம்.

"இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

முழங்கால் வரை சேறோடு சேத் நின்றான். அவன் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நீ அங்க இல்லையா? அப்ப விசில் அடிச்சது யாரு?"

"நான் ஓடை வழியாத்தானே வரேன். விசிலை வாயிலயே வைக்கலையே."

மூன்று பேரும் பனிக்குள் பார்த்தோம். விசில் நின்றுபோயிருந்தது.

ஓடினோம். ஒரு வயலைத் தாண்டும் தூரம்கூட இல்லை. உடைந்த இறக்கை சேற்றில் செங்குத்தாக நின்றது. அதனடியில் கால் மாட்டி ஒரு இளைஞன், எங்கள் நாட்டு விமானப்படை உடுப்பில், உட்கார்ந்த வாக்கில் கிடந்தான். கடலில் விழுந்தால் ஒருவரையொருவர் தேட அவர்கள் சட்டைக் கழுத்தில் விசில் கட்டியிருப்பார்களாம். அது அவன் பல்லிடுக்கில் இருந்தது. மடியில் இன்னொருவனின் தலை. அவன் கழுத்துக் காயத்தை இவன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

"வந்துட்டோம்பா," என்றேன்.

விசிலைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"யாரோ சிரிச்சது கேட்டுச்சு. ரொம்பப் பக்கத்துல. ஆளு வந்தாச்சுடா, கொஞ்சம் தாங்கிக்கன்னு இவன்கிட்ட சொன்னேன். இவனும் சிரிச்சான்." மூச்சு வாங்கினான். "ஏங்க நின்னுட்டீங்க?"

சேத் என்னைப் பார்த்தான். ஈனாக் தொப்பியைக் கழற்றினார். நான் மண்டியிட்டு, அவன் கைகளை விலக்கி, என் கையை அந்தக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.