ஆளுக்கொரு பூட்டு

போன வாரம் வரைக்கும் என் வீட்டுக்காரரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைப்பேன், துணி துவைத்துப் போடுவேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அக்கம்பக்கத்தில் "பாவம் அந்த மனுஷன்" என்கிறார்கள். இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு யார் பாவம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண். வாலு என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் திருகாணி இருக்கிற எதையும் அது விட்டுவைத்ததில்லை. ஒருநாள் என் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து மறுபடி மாட்டியது. மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம். நான் கத்தின கத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்பனோ அந்த மிச்சத் திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், வேலை செய்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தப் பெட்டி இன்றைக்கும் நன்றாகத்தான் சுடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு பிஸ்கட் கம்பெனியில் பிட்டர் வேலை. மாவை அப்பளம் போலத் தட்டையாக்குகிற உருளைகளைப் பழுது பார்ப்பது, எண்ணெய் விடுவது, கழற்றி மாட்டுவது. எனக்கு ஆஸ்பத்திரியில் துணி அறையில் வேலை. விரிப்புகளை இஸ்திரி போட்டு அடுக்கி வார்டுக்கு அனுப்புவேன்.

வாலு பள்ளிக்கூடத்தில் கட்டாயப் படிப்பை முடித்தது. அதற்கப்புறம் அவரவர் இஷ்டம். மேலே இரண்டு வருஷம் படிக்கலாம், தொழில் கற்கலாம், சும்மாவும் இருக்கலாம். கூடப் படித்ததில் ஒன்று மாமன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று பகலெல்லாம் தூங்கி, சாயங்காலம் எழுந்து தலை வாரிக்கொண்டது. எங்கள் வாலு பரீட்சை முடிந்த அன்றைக்கே பையைக் கட்டில் அடியில் எறிந்துவிட்டு வந்து நின்றது.

"அம்மா, நான் அப்பாகூட கம்பெனிக்குப் போறேன்."

"மெஷின் வேலை செய்ய வேணாம்னா சொன்னேன்? இன்னும் ரெண்டு வருஷம் படி, அப்புறம் காலேஜ்ல அதையே படி. படிச்சிட்டு மெஷின்கிட்ட போ."

"புஸ்தகத்துல மெஷின் ஓடாதும்மா."

"வாயைப் பாரு. உங்கப்பனை உரிச்சு வச்சிருக்கு."

அப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு அவர்தான் ஒரு வழி சொன்னார். ரிசல்ட் வருகிற வரைக்கும் கம்பெனியில் பயிற்சியாளாக இருக்கட்டும், வேலை செய்பவர்களின் பிள்ளைகளை எடுக்கிறார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம். மார்க்கு நன்றாக வந்தால் அதற்கே படிக்க ஆசை வந்துவிடும் என்று நானும் கணக்குப் போட்டேன். சரி என்றேன்.

உள்ளதைச் சொன்னால், அந்த நாட்களில் இருந்ததுபோல அது சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நகக்கண்ணில் கிரீஸ், தலைமுடியில் பிஸ்கட் வாசனை. அப்பனும் பெண்ணும் சோற்றைப் பிசைந்தபடி பேரிங், பெல்ட் என்று பேசிக்கொள்வார்கள். நான் ஒருத்தி நடுவில் செவிடி மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சிவப்பாக ஒரு பூட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டது. அதன் மேல் வாலுவின் படம் ஒட்டியிருந்தது.

"மெஷினுக்குள்ள கை வைக்கிறவங்க, மொதல்ல மெயின் சுவிட்ச அணைச்சிட்டு, அதுல ஆளுக்கொரு பூட்டு மாட்டணும்மா. சாவி அவங்கவங்க பாக்கெட்ல. நாலு பேர் வேலை செஞ்சா நாலு பூட்டு. கடைசிப் பூட்டு கழண்டாத்தான் கரண்ட் வரும்."

"அப்பா பூட்டு ஒண்ணு இருக்கே, பத்தாதா?"

"நானும் அதைத்தான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற, பூட்டும் அப்படித்தான்னு சொன்னார்."

முகம் தெரியாத அந்த சூப்பர்வைசர் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு மரியாதை வந்தது. பூட்டைத் துடைத்து அதன் பையில் நானே போட்டுவைத்தேன்.

அந்தப் பூட்டு பையிலேயே இருந்துவிட்டது. ரிசல்ட் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, உருளையில் ஏதோ சத்தம் வருகிறது என்று இவர்கள் இரண்டு பேரையும் அனுப்பியிருக்கிறார்கள். வாலுவின் பை உடை மாற்றும் அறையில். போய் எடுப்பதென்றால் தொப்பி, ஏப்ரன் எல்லாம் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி கை கழுவ வேண்டும். எடுத்து வரேன்பா என்று அது கிளம்பியிருக்கிறது. மனுஷன் தடுத்துவிட்டார்.

"விடு கண்ணு, என் பூட்டு போதும். வீட்டுக்கு ஒரு பூட்டுதானே போடுறோம், ஆளுக்கொண்ணா போடுறோம்?"

இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். மறைக்கவில்லை, பழியை யார் தலையிலும் போடவில்லை. அந்த ஒரு நல்லதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மற்றவர்கள் பிள்ளையாக இருந்திருந்தால் விட்டிருப்பாரா? போடா, போய்ப் பூட்டை எடுத்து வா என்று விரட்டியிருப்பார். தன் பிள்ளை என்பதால்தான் தன் பூட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். நினைக்க நினைக்க எனக்கு இதுதான் ஆறவில்லை.

வேலை முடிந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். தடுப்புத் தகட்டை மாட்டுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மெயினுக்குப் போனார். பெண் பின்னால் நிற்கிறது என்ற நினைப்பு. அது நிற்கவில்லை. உள்ளே துடைக்கிற துணியை விட்டுவிட்டோமே என்று திரும்பிப் போயிருக்கிறது. ஒரு நூல்கூட உள்ளே விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவர் தன் பூட்டைக் கழற்றினார். அதன் பூட்டு அங்கே இல்லை. கரண்ட் வந்துவிட்டது.

துணி அறைக்கு ஒரு நர்ஸம்மா ஓடி வந்தாள். "அக்கா, மேல வாங்க," என்றாள். போனேன். வாலு படுத்திருந்த விரிப்பு காலையில் நான் இஸ்திரி போட்டு அடுக்கியது. மடிப்பு கூடக் கலையவில்லை, அதற்குள் அதன் மேல் அவ்வளவு ரத்தம்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பார்க்க வந்தவர்கள் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள் என்றார்கள். தலைப்பாகையாம். என் பிள்ளை திருகாணி முடுக்கிய கை அது. வந்தவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்கு. இவர் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் சுவரைப் பார்த்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

"அம்மா, ஸ்கூல்லயே சேத்துடு," என்றது வாலு.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இடது கையால் எழுதப் பழகுகிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோணல் மாணலாக. நான் கேட்டது நடந்துவிட்டது. இப்படியா கேட்டேன்? சிவப்புப் பூட்டை சைக்கிளுக்குப் போட்டிருக்கிறது. புதுசு, எதுக்கும்மா வீணாப் போகணும் என்கிறது.

அவர் மெஷின் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லி கோடவுனுக்கு மாற்றிக்கொண்டார். வீட்டில்தான் இன்னொன்று ஆரம்பித்தது. எந்த சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலும், விளக்கோ விசிறியோ, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்பார்.

"கண்ணு, வெளிய இருக்கியா?"

வாலு எங்கே இருந்தாலும், எழுதிக்கொண்டிருந்தாலும் குளித்துக்கொண்டிருந்தாலும், பதில் சொல்லும்.

"வெளியதான்பா இருக்கேன்."

அப்புறம்தான் போடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் காதில் விழட்டும் என்று வாலுவிடம் சொன்னேன்.

"பல்புக்குள்ள எவ கை வைப்பா? இது என்ன கூத்து?"

"விடும்மா. கேக்கட்டும். எனக்கென்ன, ஒரு வார்த்தைதானே."

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வாலுவுக்கு அன்றைக்குக் கூடுதல் வகுப்பு. வீடு இருட்டிக் கிடந்தது, ஆள் இல்லை என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் மனுஷன் சுவரோரமாக நிற்கிறார். விரல் சுவிட்சின் மேல். எப்போதிலிருந்து நிற்கிறாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கேட்டேன், பதில் வரல," என்றார்.

"அவ ஸ்கூல்ல இருக்கா. வெளியதான் இருக்கா. போடுங்க."

அத்தனை மாதத்துக்கு அப்புறம் அவரிடம் நேராக நான் பேசியது அதுதான். அவர் அழுத்தவில்லை.

"தெரியுது. ஆனா அவ சொல்லட்டுமே."

நானே போட்டிருக்கலாம். கை நீட்டினால் எட்டும். போடவில்லை. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது போகாது, என்னோடுதான் வரும். ஆனாலும் அந்த இருட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தெருவில் சைக்கிள் வந்து நின்றது. பூட்டு விழுகிற சத்தம் உடனே வரவில்லை. இடது கையால் போடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அப்புறம் அது ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். வீடு இருட்டாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்று அதற்குத் தெரியும். யாரும் கேட்காமலே தெருவிலிருந்து குரல் கொடுத்தது.

"அப்பா, வெளியதான் இருக்கேன். போடுங்க."

அவர் விளக்கைப் போட்டார்.