பிளாஷ் இல்லாத நிச்சயதார்த்தம்

"பிளாஷ் மட்டும் வேண்டாங்கண்ணா" என்று கல்யாணப்பெண் மேக்னா சொன்னதும், கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது படமெடுக்க வந்த ரூபனுக்கு. நிச்சயதார்த்தத்துக்காகவே தாராபுரத்து வீட்டுக் கூடம் முழுக்கப் பழைய குண்டு பல்புகளைத் தோரணமாகக் கட்டியிருந்தாள். அந்த மஞ்சள் வெளிச்சத்திலேயே படம் வரவேண்டுமாம். அவள் அம்மா ராமாமணி இன்னொன்றும் சொன்னார். "இன்னைக்கு எடுக்கற படத்தைப் பார்த்துப்போட்டுத்தானுங்க தம்பி, கல்யாணத்துக்கு உங்கள்ல யாரு மேடையில நின்னு படமெடுக்கறதுன்னு சொல்லுவேன்."

யாரு என்றால் இரண்டே பேர். ரூபன், அவன் மனைவி மெர்சி. காந்திபுரத்தில் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து மேடை அவனுடையது, பெண்ணின் அறை அவளுடையது. ஆண்கள் நுழைய முடியாத இடம் என்பதால்தான் மெர்சிக்குக் கேமராவே வாங்கிக் கொடுத்தான். போன மாதம் காங்கேயத்துக் கல்யாண வீட்டார் ஆல்பத்தின் அட்டைக்கு அவள் எடுத்த படத்தைக் கேட்டார்கள். பெண் ஒற்றைக் கம்மலோடு கண்ணாடி முன்னால் சிரிக்கும் படம். எல்லோரும் அருமை என்றபோது அவனும் அருமை என்றான். அன்றிலிருந்து அவள் கேமராவைத் தூக்கினாலே எதை எடுக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தான்.

அவன் எடுத்த முதல் படத்தைப் பார்த்ததுமே பெண்ணின் தாய்மாமன் சென்னகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க போட்டோக்காரரே, மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலைங்களா? எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே!"

கூடமே சிரித்தது. நிறத்தைச் சரிசெய்துவிட்டான். முகம்தான் சரியாகவில்லை. படத்துக்குள் ஒரு பல்பு வந்தாலும் வெளிச்சம் போதும் என்று நினைத்துக் கேமரா முகங்களை இருட்டாக்கியது. பல்பை ஒதுக்கினால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டை இருட்டென்று நம்பி, பெண்ணின் நெற்றியை வெளுக்க வைத்தது.

மோதிரம் மாற்ற எழுந்தார்கள். மெர்சி பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, ஷட்டர் எவ்வளவு வெக்கட்டுமுங்க?"

எந்த விசேஷத்திலும் கேட்பாள். அப்படிக் கேட்பது அவனுக்குப் பிடிக்கும். அறுபதில் வைத்தால்தான் இங்கே முகம் தெளியும் என்பது அப்போதுதான் அவனுக்கே பிடிபட்டிருந்தது.

"இரநூத்தம்பது" என்றான்.

அவ்வளவு வேகத்தில் ஷட்டர் மூடினால் வெளிச்சம் போதாது, எல்லோரும் கரிக்கட்டையாகத்தான் வருவார்கள். அவள் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் மேக்னாவின் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மெர்சியின் படங்கள். கறுப்பாக ஒன்று வரும் என்று காத்திருந்தான். வந்ததோ மேக்னாவின் முகம். விரலில் மோதிரம் இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெளிச்சம் எண்ணெய் தடவியதுபோல் படிந்திருந்தது. பின்னால் பல்புக்குள் இருந்த கம்பி கூடத் தெரிந்தது. "அய்யோ, நானாக்கா இது!" என்றாள் மேக்னா.

நாற்காலியில் கிடந்த மெர்சியின் கேமராவை எடுத்துப் பார்த்தான். அந்தப் படத்தின் ஓரத்தில் அறுபது என்றிருந்தது. பழைய படங்களுக்குத் தள்ளினான். போன வாரத்து ஞானஸ்நானம். நூற்றிருபத்தைந்து என்று சொல்லியிருந்தான், எண்பதில் எடுத்திருக்கிறாள். அதற்கு முந்தைய வளைகாப்பு. அங்கேயும் அவன் சொன்ன எண் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறாள், தலையாட்டியிருக்கிறாள், தனக்குத் தெரிந்த எண்ணையே வைத்திருக்கிறாள். அப்படியானால் தெரியாமல் கேட்கவில்லை. அவனுக்காகக் கேட்டிருக்கிறாள்.

"அம்மணி, கல்யாணத்துக்கு மேடையில நீயே நின்னுபோடு" என்றார் ராமாமணி.

"மேடை அவருதுங்க. நானு புள்ளையோட ரூம்ல இருந்துக்கறேனுங்க."

தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவன் இலையில் வைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவளே எடுத்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கொடுப்பதற்கு அவளிடம் இருக்கிறது என்பதுதான் சுட்டது.

"நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மெர்சி மட்டும் பார்க்கவில்லை. பல்புத் தோரணத்துக்கு அடியில் நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ரூபன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். அவள் முகத்தின் ஒரு பாதி மஞ்சளில் இருந்தது, மறுபாதி தெரியவில்லை. கீழே வெளிச்சத்தைக் காட்டும் சிறு கோடு குறைவுக்குப் போனது. திருகினான். அதிகத்துக்குத் தாவியது.

"தம்பி, உங்களைத்தானுங்க. மேடைக்கு நீங்களா, அம்மணியா?"

மறுபடியும் திருகினான். கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டே இருந்தது.